எங்கள் சபையின் புண்படுநர்

பொது இடத்தில் பேசுகிறவர்கள் பிறர் மனம் நோகாமல் பேச வேண்டும் என்பதில் எங்கள் நகரசபைக்கு எந்தக் காலத்திலும் இரண்டு கருத்து இருந்ததில்லை. அந்த ஒரே கருத்தை உறுப்பினர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு சொல்லிவந்தார்கள், அவ்வளவுதான்.

நான் அந்தச் சபையின் குறிப்பெழுத்தர். உள்ளே யார் எதைப் பேசினாலும் அதை மரியாதையான வாக்கியமாக மாற்றி எழுதி வைப்பது என் வேலை. ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, உனக்கு மூளை கழன்றுவிட்டதா என்று கேட்டால், “உறுப்பினர் சக உறுப்பினரின் உடல்நலம் பற்றி அக்கறையுடன் விசாரித்தார்” என்று எழுதுவேன். நாற்காலி பறந்தால், “இருக்கைகள் இடம் மாற்றி அமைக்கப்பட்டன.” என் குறிப்புகளை மட்டும் படித்தவர்கள் எங்கள் சபையைத் தியான மண்டபம் என்று நினைத்திருப்பார்கள்.

தெருவிளக்கு விவாதத்தன்றுதான் விஷயம் கைமீறியது. புது விளக்குக்குச் செலவு அதிகம் என்று ஒரு உறுப்பினர் சொன்னார். எதிர்வரிசையில் இருந்தவர் எழுந்து, செலவே வேண்டாம், உங்கள் தலையையே கம்பத்தில் மாட்டிவிட்டால் தெரு முழுக்க வெளிச்சம் வரும் என்றார். முன்னவர் வழுக்கைத் தலையர். மேஜைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து வீசினார். குறி தப்பியது. தலைவரின் புதுச் சட்டை நனைந்தது.

அதுவரை எத்தனையோ பேர் மனம் புண்பட்டிருக்கிறது. தலைவரின் சட்டை நனைந்த பிறகுதான் புண்படுத்தும் பேச்சு எவ்வளவு பெரிய சமூகக் கேடு என்பது சபைக்கு உறைத்தது. உடனே ஒரு குழு போட்டார்கள். எந்தச் சொல் புண்படுத்தும், எது புண்படுத்தாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில் குழு திணறியது. வழுக்கை என்பது கெட்ட சொல்லா? முடிவெட்டும் கடையில் சொன்னால் அது தகவல். சபையில் சொன்னால் செம்பு பறக்கிறது.

செயலாளர்தான் வழி கண்டுபிடித்தார். மெத்தப் படித்தவர். எடை பார்க்கத் தராசு இருக்கிறது, காய்ச்சல் பார்க்கக் கருவி இருக்கிறது, மனப்புண் பார்க்க மட்டும் ஒன்றும் இல்லாததுதான் குழப்பத்துக்குக் காரணம் என்று விளக்கினார். அதற்கென்று ஒரே ஒரு மனிதரைச் சம்பளம் கொடுத்து உட்கார வைப்போம். கையில் ஒரு மணி கொடுப்போம். அவர் புண்பட்டால் மணியை அடிப்பார்; அந்தச் சொல் குறிப்பிலிருந்து நீங்கிவிடும், பேசியவரும் உட்கார்ந்துவிட வேண்டும். அவர் புண்படவில்லையென்றால் ஊரில் யாரும் புண்படவில்லை என்று பொருள். பதவிக்குப் ‘புண்படுநர்’ என்று பெயர் வைத்தது அடியேன்.

விளம்பரம் வெளியானது. இளகிய மனம் கட்டாயம். முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை.

முன் அனுபவம் என்றதும் எனக்கு என் அத்தான் ஞாபகம்தான் வந்தது. அக்காவின் வீட்டுக்காரர். ஊரிலேயே அவரளவுக்கு அனுபவம் உள்ளவர் கிடையாது. துணிக்கடையில் வேலை பார்த்தபோது ஒருநாள் முதலாளி, “இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டீங்களே” என்று பாராட்டினார். அப்படியென்றால் தினமும் தாமதமாக வருகிறேன் என்று குத்திக்காட்டுகிறாரா என்று வேலையை விட்டுவிட்டார். அச்சகத்தில் சேர்ந்தார். அங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. என்னை ஒரு மனுஷனாகவே மதிக்கவில்லை என்று அதையும் விட்டார். அக்கா நடத்தும் சலவைக் கடைதான் வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தெருக் கோடியில், முன்னறையில் கடை, மொட்டை மாடி முழுக்கக் கொடிக்கயிறு. தலைவர் வீட்டுச் சட்டையிலிருந்து தாசில்தார் வீட்டுத் திரைச்சீலை வரைக்கும் அங்கேதான் காயும். மாடியில் ஒரு அறையில் நான் இருந்தேன்.

நேர்காணலுக்கு ஒரு கூட்டமே வந்திருந்தது. ஒருவர் வாசலிலேயே அழ ஆரம்பித்தார். நடிப்பு என்று தெரிந்ததால் தள்ளிவிட்டார்கள். அத்தான் உள்ளே போனதும் தலைவர் புன்னகையோடு சொன்னார்.

“வாங்க, உக்காருங்க.”

அத்தான் நின்றபடியே குழுவை ஒரு பார்வை பார்த்தார்.

“ஏன், நிக்கறதுக்குக்கூட எனக்குத் தெம்பு இல்லைன்னு முடிவே பண்ணிட்டீங்களா?”

குழு அப்படியே எழுந்து நின்று அவருக்குக் கை கொடுத்தது.

சபையில் தலைவருக்கு வலப்பக்கம் ஒரு நாற்காலி, முன்னால் சிறிய மேஜை, அதன்மேல் பித்தளை மணி. முதல் மாதம் அத்தான் மணியைக் கீழே வைக்கவே இல்லை. ‘கடைசியாக ஒரு வார்த்தை’ என்று ஒருவர் ஆரம்பித்தால் மணி. கடைசி வரிசையில் இருப்பவர்களைப் பற்றித்தானே சொல்கிறார். ‘வெளிப்படையாகச் சொன்னால்’ என்றால் மணி. இதுவரை மறைத்துப் பேசினாரா? வழுக்கைத் தலை உறுப்பினர் ஒருநாள் ‘எல்லோருக்கும் வணக்கம்’ என்றார். என்னைத் தனியாகப் பார்த்து வணக்கம் சொல்ல முடியாதா என்று அதற்கும் மணி. பேசுகிறவர்கள் வாயைத் திறக்கவே பயந்தார்கள். சபை வரலாற்றிலேயே முதல்முறையாகக் கூட்டம் குறித்த நேரத்துக்கு முன்பே முடிந்தது. பத்திரிகைகள் பாராட்டின.

எனக்கும் பதவி உயர்வு. மாற்றுச்சொல் பிரிவு என்று ஒன்று தொடங்கி அதற்கு என்னையே பொறுப்பாக்கினார்கள். புண்படுத்தாத சொற்களை நான் தயாரித்துக் கொடுக்க வேண்டும். கடன் என்பதை ‘பிறர் நம் மீது வைத்திருக்கும் நம்பிக்கை’ என்று மாற்றினேன். பள்ளம் விழுந்த சாலையை ‘ஆழமான சாலை’ என்றேன். தற்பெருமை பேசக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: அந்த வருடம் எங்கள் ஊரில் ஒரு கெட்ட விஷயம்கூட நடந்ததாகக் குறிப்பில் இல்லை.

வீட்டிலும் அத்தான் ஆள் மாறியிருந்தார். பகல் முழுக்கச் சம்பளத்துக்குப் புண்பட்டுவிட்டு வருகிறவர், வீட்டுக்கு வந்ததும் அதில் ஆர்வம் காட்டவில்லை. குழம்பில் உப்பு அதிகம் என்று அக்காவே சொன்னாலும், ஆமாம் என்று சாப்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அது கவலையாக இருந்தது. வேலைத் திறமை குறைகிறதோ என்று. அக்காவோ சந்தோஷமாக இருந்தாள். அவரிடம் எதைச் சொன்னாலும் எங்கே வலிக்கும் என்று முதலில் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்கு அதுவே பழக்கம். பொய்யும் சொல்ல மாட்டாள். இத்தனை வருடத்தில் அத்தான் ஊரில் எல்லோரிடமும் கோபித்துக்கொண்டிருக்கிறார். அக்காவிடம் ஒருமுறைகூடக் கோபித்துக்கொண்டதில்லை. இதில் ஏதோ தொழில் ரகசியம் இருக்கிறது என்று அப்போதே நான் யோசித்திருக்கலாம். மாற்றுச்சொல் வேலையில் நேரம் கிடைக்கவில்லை.

அப்போதுதான் அந்தத் தீர்மானம் வந்தது.

ஊர்க் குப்பையைக் கொட்ட இடம் தேவைப்பட்டது. எங்கள் தெருக் கோடியில், அக்கா கடைக்கு அடுத்தாற்போல், ஒரு காலி மனை கிடந்தது. தலைவர் எழுந்து நிதானமாக வாசித்தார்.

“பயன் முடிந்த பொருட்களுக்கான இளைப்பாறுமிடம் ஒன்றை மேற்படி மனையில் அமைப்பது என்றும், அதனால் அப்பகுதியில் உண்டாகக்கூடிய முதிர்ந்த மணத்தையும், இறக்கையுள்ள விருந்தினர்களின் வருகையையும் அப்பகுதி மக்கள் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொள்வார்கள் என்றும் இச்சபை நம்புகிறது.”

இளைப்பாறுமிடம், முதிர்ந்த மணம், இறக்கையுள்ள விருந்தினர்கள், மூன்றும் நான் தயாரித்தவை. எந்த மனைக்கு என்று சொல்லாமல் கேட்டார்கள். நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன். சபை கைதட்டியது. பழக்கத்தில் நானும் தட்டினேன். பாதித் தட்டலில்தான் அது எங்கள் தெரு என்பது மண்டையில் ஏறியது.

அத்தானுக்கு முன்பே ஏறிவிட்டது. அவர் முகம் வெளிறிப்போனது. கை மணியைத் தொட்டது.

“புண்பட்டீர்களா? எந்தச் சொல்லால்?” என்று தலைவர் கனிவாகக் கேட்டார்.

அத்தான் தீர்மானத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடியும் படித்தார்.

“சொல்லு எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. விஷயம்தான்...”

செயலாளர் விதிப் புத்தகத்தை எடுத்தார். புண்படுநர் சொல்லால் புண்படலாம். விஷயத்தால் புண்பட அவருக்கு அதிகாரம் இல்லை. மீறினால் பதவி போகும். அத்தான் கையை எடுத்துக்கொண்டார். பொதுமக்கள் கருத்தைக் கேட்டுவிட்டு அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்று தலைவர் சொன்னார். கருத்துக் கேட்பது விதிக்காக, முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று மாலை அக்காவிடம் விஷயத்தைச் சொன்னோம். நான் முதலில் முதிர்ந்த மணம் என்று ஆரம்பித்தேன், அவளுக்குப் புரியவில்லை. அத்தான்தான், குப்பை கொட்டப் போகிறார்கள் என்று சொன்னார். அக்கா மாடிக்குப் போய்க் கொடிக்கயிற்றில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நாற்றம் ஏறிய துணியை யார் வாங்குவார்கள்? கடை மூடினால் அத்தான் சம்பளம் ஒன்றுதான். அந்தச் சம்பளம் எவ்வளவு நாள் நிலைக்கும் என்பது அத்தானைத் தவிர எல்லோருக்கும் சந்தேகமாக இருந்தது. உள்ளூர அத்தானுக்கும் இருந்திருக்கும்.

கருத்துக் கேட்கும் நாளில் எங்கள் தெரு மொத்தமும் மன்றத்துக்கு வந்தது. முதலில் எழுந்தவர் பென்ஷன்காரர். ரயில்வேயில் இருந்தவர், குரலும் அதற்கேற்றது. நேராகத் தலைவரைப் பார்த்து, உங்களுக்கெல்லாம் மூக்கு முகத்தில் இருக்கிறதா, இல்லை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டார். மூக்கைப் பற்றிய பேச்சு எப்போதுமே தன்னைத்தான் குறிக்கும் என்பது அத்தானின் நீண்டநாள் அபிப்பிராயம். அவர் மூக்கு சற்றுப் பெரியது. கை தானாகப் போய் மணியை அடித்துவிட்டது. அடித்த பிறகுதான் அடித்துவிட்டோமே என்று பதறினார். விதி விதிதான். பென்ஷன்காரர் உட்கார வேண்டியதாயிற்று.

அடுத்தவர் தையல்காரர். எதிலும் அளவு பார்க்கிறவர். மணி அடித்துவிடக் கூடாது என்று என்னிடம் வந்து முன்கூட்டியே சொற்கள் வாங்கிப் போயிருந்தார். இளைப்பாறுமிடத்தின் மேன்மையை மதிப்பதாகவும், முதிர்ந்த மணத்தை நுகரும் பேறு தங்கள் தெருவுக்கு மட்டும் கிடைப்பது மற்ற தெருக்களுக்கு வருத்தம் தரலாம் என்று தாம் அஞ்சுவதாகவும் பேசினார். மணி அடிக்கவில்லை. தையல்காரர் வெற்றியோடு எங்களைத் திரும்பிப் பார்த்தார். தலைவர் அவருக்கு நன்றி கூறி, தெருவின் சார்பில் தீர்மானம் வரவேற்கப்பட்டதாகப் பதிவு செய்யச் சொன்னார். நான்தான் பதிவு செய்தேன். வேறென்ன செய்ய?

மூன்றாவதாக அக்கா எழுந்தாள். கையில் காகிதம் எதுவும் இல்லை. சோப்பில் வெளுத்துச் சுருங்கிய விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கி அவள் உயரத்துக்கு இல்லை. அதைச் சரிசெய்யக் காத்திருக்காமல் பேசினாள்.

“ஐயா, உங்களுக்கு இது கஷ்டமான வேலைன்னு எனக்குத் தெரியும். குப்பை எங்க வீட்லயிருந்தும்தான் போகுது. எங்கயாவது கொட்டித்தான் ஆகணும்.”

குப்பை என்ற சொல் அந்த மன்றத்தில் ஒலித்து வெகுநாள் ஆகியிருந்தது. எல்லாத் தலையும் அத்தான் பக்கம் திரும்பியது. அவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆனா அங்க கொட்டினா நாறும். நாத்தம் காயற துணியில ஏறும். என் சோப்புக்கு அது போகாது. மீன் சந்தைப் பக்கத்துத் துணியைத் துவைச்சுப் பாத்திருக்கேன், போகல. உங்க சட்டை, மெம்பருங்க வீட்டுப் பிள்ளைங்க உடுப்பு எல்லாம் என் மாடியிலதான் காயுது. நாறுற துணியை உங்ககிட்டக் கொடுத்துக் காசு கேக்க எனக்கு மனசு வராது. அப்புறம் கடையை மூடத்தான் வேணும். கடை இல்லைன்னா நாங்க எப்படிப் பிழைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. பயமா இருக்கு. அவ்வளவுதாங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அத்தானின் கை மணிமேல் இல்லை, மடியில் இருந்தது. அவருடைய சம்பளம் போதாது என்பதை ஊரறியச் சொல்லியிருக்கிறாள்; சொன்ன மாதிரியே இல்லை. தலைவர் எட்டிப் பார்த்தார்.

“புண்படுநரே, ‘நாறும்’ என்றார்கள். கேட்டதா?”

“கேட்டுச்சுங்க.”

“புண்படவில்லையா?”

“யாரை நாறும்னாங்க? குப்பையைத்தானே. குப்பைக்கு மனசு இருந்தா அது வந்து மணி அடிக்கட்டும்.”

தலைவர் முகம் சிவந்தது. சட்டையின் கைமடிப்பை முகர்ந்து பார்த்துக்கொண்டார். அப்படியானால் நான் புண்பட்டேன் என்று அறிவித்தார். செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சபைக்கு ஒரே ஒரு புண்படுநர் பதவிதான் அனுமதிக்கப்பட்டிருக்கிறது, அது நிரப்பப்பட்டும் விட்டது, ஆகவே தலைவர் புண்படுவதற்கு இப்போது காலியிடம் இல்லை என்று வருத்தத்துடன் தெரிவித்தார். நீக்குவதற்குச் சொல் எதுவும் கிடைக்காததால், விஷயத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய இக்கட்டில் சபை மாட்டிக்கொண்டது. இப்படி ஒன்று முன்பு நடந்ததே இல்லை. தங்கள் சட்டையை நினைத்தார்களோ, அக்காவை நினைத்தார்களோ, கையைத் தூக்கச் சொன்னபோது எல்லாக் கைகளும் எங்கள் பக்கம் உயர்ந்தன. இளைப்பாறுமிடம் எங்கள் தெருவில் வேண்டாம், வேறு பொருத்தமான இடத்தில் அமைக்கலாம் என்று முடிவானது. அன்று தெருவே அக்காவைக் கொண்டாடியது. எனக்குக் கண் கலங்கியதை நான் மறைக்கப்போவதில்லை.

வேறு பொருத்தமான இடம் பின்தெருவில் கிடைத்தது.

ஆனால் தலைவருக்கு அந்தக் காலியிட விவகாரம் ஆறவில்லை. புண்படும் உரிமை ஒரே ஆளிடம் குவிந்திருப்பது மக்களாட்சிக்கு அழகா என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. விதியைத் திருத்தினார்கள். இனி குடிமக்கள் எல்லோரும் புண்படுநரே. ஆளுக்கொரு மணி, சபைச் செலவில். அத்தானின் பதவி தேவையற்றதாகிவிட்டது. நன்றி கூறி ஒரு சால்வை போர்த்தி அனுப்பினார்கள். அவர் அதைத் துவைத்து மடித்து வைத்துவிட்டு, அக்கா கடையிலேயே இஸ்திரி போட உட்கார்ந்தார். அவர் மட்டும் மணி வாங்கிக்கொள்ளவில்லை. இவ்வளவு நாள் அடித்தது போதும் என்றார்.

ஊரோ மணியைப் பிடித்துக்கொண்டது. முதலில் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். பிறகு கழுத்தில் தொங்கவிட்டார்கள். புடவை நிறத்துக்குப் பொருத்தமான மணி, கல் பதித்த மணி, அலுவலகத்துக்கு ஒன்று, விசேஷத்துக்கு ஒன்று என்று கடைகள் முளைத்தன. மெல்லிய மனம் படைத்தவர் என்று காட்டிக்கொள்ளப் பெரிய மணியாக வாங்கினார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை எத்தனை முறை அடிக்கிறார் என்று பார்த்துத்தான் நல்ல குடும்பமா என்று முடிவு செய்தார்கள். பஸ்ஸில் யாரோ புண்பட்டு அடித்த மணியைக் கண்டக்டர் மணி என்று நம்பி டிரைவர் நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்தினார். எடை கூடியிருக்கிறது என்று சொன்ன டாக்டருக்கு மணி அடித்தார்கள்; அவர் என்னிடம் சொல் கேட்டு வந்தார். ‘பூமி உங்களைச் சற்று அதிகமாக விரும்புகிறது’ என்று எழுதிக் கொடுத்தேன். நோயாளி மகிழ்ச்சியோடு போனாராம். என் மணி வெண்கலம், நல்ல நாதம்.

இந்த நிலையில்தான் பின்தெருக்காரர்கள் மன்றத்துக்கு வந்தார்கள். இளைப்பாறுமிடம் தொடங்கிச் சில மாதம் ஆகியிருந்தது. அவர்கள் சார்பில் சைக்கிள் கடைக்காரர் எழுந்தார். விரல் இடுக்கில் எண்ணெய்க் கறை. பொது நலனில் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டிருந்ததால், எங்கள் தெருக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். துவைத்த சட்டைகளைக் கொடுக்க வந்த அத்தானும் கதவருகில் நின்றார்.

“ஐயா, நாறுதுங்க,” என்றார் சைக்கிள் கடைக்காரர். “பிள்ளைங்க சாப்பிட உக்காந்தா தட்டு முழுக்க ஈ. ராத்திரி சன்னலைத் திறக்க முடியல. தயவு பண்ணி...”

முதலில் அடித்தது பென்ஷன்காரர். அடுத்து தையல்காரர். பிறகு எங்கள் வரிசை முழுவதும். நானும் அடித்தேன். என்ன இருந்தாலும், ஒரு பொது மன்றத்தில், பெண்கள் இருக்கும் இடத்தில், இப்படியா பச்சையாகப் பேசுவது? சைக்கிள் கடைக்காரரும் தன் மணியை எடுத்து அடித்தார். அந்த இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. பேசியவரின் சொற்கள் நீக்கப்பட்டன என்றும், பின்தெருவாசிகள் வருகை தந்து சிறப்பித்தார்கள் என்றும் குறிப்பு எழுதினேன்.

வெளியே வரும்போது அத்தான் என் கூடவே நடந்தார்.

“மச்சான், அந்த ஆள் பேசினதுல நீ எங்க புண்பட்ட?”

“சொன்ன விதம் சரியில்லையே அத்தான். நாகரிகமாச் சொல்லியிருக்கலாம். அக்கா அன்னைக்கு எவ்வளவு அழகாச் சொன்னா.”

“உங்க அக்கா சொன்னதைத்தான் அவரும் சொன்னார். நான் அந்த உத்தியோகம் பார்த்தவன், எனக்குத் தெரியும்.”

பதவி போன வருத்தத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை காற்று திசை மாறியிருந்தது. பின்தெரு என்பது எங்கள் மாடிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். தெருப் பெயரைப் படித்துப் பார்த்து நிற்கக் காற்றுக்குத் தெரியாது. அலுவலகம் கிளம்பிக் கீழே இறங்கப் போனவன், மாடியில் அக்கா நிற்பதைப் பார்த்தேன். கொடியில் தலைவரின் சட்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவள் ஒன்றை இழுத்து முகர்ந்தாள். அடுத்ததை முகர்ந்தாள். அத்தான் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. என் கழுத்து மணியைப் பார்த்தாள்.

“நேத்து அந்த சைக்கிள் கடைக்காரர் இதைத்தான் சொல்ல வந்தாரா?”

ஆமாம் என்றேன்.

“நீயும் அடிச்சியாமே?”

“எல்லாரும் அடிச்சாங்கக்கா.”

அவள் ஈரச் சட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இதுக்கு உங்க ஆபீஸ்ல என்ன பேரு?”

கேட்டால் பதில் சொல்ல வேண்டியது என் கடமை. முதிர்ந்த மணம் என்றேன்.

எதைச் சொன்னாலும் எங்கே வலிக்கும் என்று யோசித்துப் பேசுகிற என் அக்கா, அன்று யோசித்துப் பார்த்துவிட்டே என்னை ஒரு சொல் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. நான் புண்பட்டேன். பழக்க தோஷம், கை தானாகக் கழுத்துக்குப் போனது. மணியை அடித்தேன்.

விதிப்படி அந்தச் சொல் அங்கேயே நீங்கிவிட்டது. நாற்றம் மட்டும் சட்டையில் இருந்தது.